மருமகளுக்கு ஒரு நகல்

பிப்ரவரி 4

அன்புள்ள மகனுக்கு,

அம்மாதான். முழங்கால் தவிர மத்ததெல்லாம் நல்லா இருக்கு. நீயும் மருமகளும் எப்படி இருக்கீங்க? அவளுக்கு இருமல் விட்டுதா? போன ஞாயிறு வீடியோல முகம் வாடின மாதிரி இருந்தது.

விஷயத்துக்கு வரேன். நீ என் மேஜைல வச்சுட்டுப் போன லினக்ஸ் கம்ப்யூட்டர்ல எனக்குச் சீனம் அடிக்கணும். தமிழ் அடிக்க ஏற்பாடு பண்ணிக் கொடுத்தியே, அதே மாதிரி இதுக்கும் வேணும். என்னென்ன செய்யணும்னு வரிசையா எழுதி அனுப்பு. ஃபோன்ல சொல்லாதே. உன் அவசரமும் என் கோபமும் சேர்ந்தா நடுவுல கம்ப்யூட்டர்தான் அடி வாங்கும்.

எதுக்கு இதெல்லாம்னு கேப்பே. கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, என் மருமகளோட நேரா ஒரு வார்த்தை பேசினதில்லை. அவ பேசறது சீனம், தமிழ் தெரியாது. அவ ஆங்கிலம் ஹலோவோட நின்னுடுது. வீடியோல நான் மூச்சு விடாம பேசறேன், நீ அவ பக்கம் திரும்பி ரெண்டு வார்த்தைல முடிச்சுடறே. அப்புறம் அவ நீளமா ஏதோ சொல்றா, நீ என் பக்கம் திரும்பி "நல்லா இருக்காளாம்"ங்கறே. அவ்வளவு சுருக்கமான மொழியாடா அது?

தெரிஞ்சுக்கலாம்னுதான் ரெண்டு வருஷமா ஃபோன்ல பாடம் படிச்சேன். உன்கிட்ட சொல்லலை, சொன்னா சிரிப்பே. இப்ப மெதுவா படிக்க வருது. எழுதத்தான் வழியில்லை. ஃபோன்ல எழுதலாமேன்னு சொல்லாதே. பத்து விரலால அடிச்சுப் பழகினவ நான். கடுகு மாதிரி இருக்கிற எழுத்தை ஒத்தை விரலால குத்திக்கிட்டு உக்கார எனக்குப் பொறுமையும் இல்லை, கண்ணும் இல்லை.

அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏம்மா ஒரு தடவைகூட எங்க வீட்டுக்கு வரலைன்னு. விமானம்னா அவளுக்குப் பயம்னு நீ சொல்லிட்டே. சரி. அதை அவளே சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
நகல்: என் ஃபைலுக்கு

~

பிப்ரவரி 21

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். இருமல் போயிடுச்சு. உன் முழங்காலுக்கு அந்த நீலப் பட்டையைக் கட்டறியா, இல்லை அலமாரிலயே வச்சிருக்கியா?

பெத்த பிள்ளைக்கு எழுதற கடிதத்துக்குமா நகல்? வக்கீல் ஆபீஸை விட்டு நீ வந்தாலும் ஆபீஸ் உன்னை விடாது போலிருக்கு.

சீனம் படிச்சது பெரிய விஷயம்தான். நிஜமாவே சொல்றேன். ஆனா அதை அந்தக் கம்ப்யூட்டர்ல அடிக்கறது லேசுப்பட்ட வேலை இல்லைம்மா. அதுவும் பழசு. எதையாவது போடப் போய் தமிழும் கெட்டுப்போச்சுன்னா நீ என்னைத்தான் திட்டுவே. அவகிட்ட என்ன கேக்கணுமோ எனக்கு எழுது, நான் கேட்டுச் சொல்றேன். நான்தான் இருக்கேனே.

இங்க வேலை கழுத்து வரைக்கும் இருக்கு. அதான் பதில் தாமதம்.

மகன்

~

பிப்ரவரி 22

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். நீலப் பட்டை காலிலதான் இருக்கு.

நீ இருக்கே. அதுதாண்டா பிரச்சனை. ஒரு கேள்வியை உன்கிட்ட கொடுத்தா அது அங்க போய்ச் சேர்றதுக்குள்ள இளைச்சுப் போயிடுது, வர்ற பதிலும் அப்படித்தான். மருமக என்ன பேசினான்னு மூணு வருஷமா உன் வாய் வழியா கேட்டேன், போதும்.

நகலைப் பத்திக் கிண்டல் பண்ணாதே. இத்தனை வருஷம் வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிச்ச கை. நகல் வைக்காம ஒரு காகிதம் என் மேஜையை விட்டுப் போனதில்லை, போகவும் போகாது. அந்தச் சம்பளத்துலதான் உன் அப்பா போனப்புறம் நீ படிச்சே.

அவ வேலை பார்க்கற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இணையப் பக்கம் இருக்கில்ல, அதை நேத்து இந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தேன். எழுத்து வரவேண்டிய இடத்துல எல்லாம் கட்டம் கட்டமா நிக்குது. காலி ஜன்னலா வச்ச அடுக்குமாடி மாதிரி. அதையும் சரி பண்ணணும்.

கெட்டுப்போனா நான் பார்த்துக்கறேன். நீ எழுதி அனுப்பு. நீ அனுப்பலைன்னா வேற வழி தேடுவேன், அது உனக்கே தெரியும்.

உடம்பைக் கவனிச்சுக்கோ. அவளுக்கு என் அன்பைச் சொல்லு. சுருக்காம சொல்லு.

அம்மா
நகல்: என் ஃபைலுக்கு

~

மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தானே? இங்கயும் நலம். உன் அன்பைச் சொன்னேன், சிரிச்சா.

பிடிவாதத்துல உன்னை ஜெயிக்க முடியாதுன்னு தெரியும். கீழே எழுதியிருக்கேன்.

ஒண்ணு, சீன எழுத்துரு போடணும். அதைப் போட்டா கட்டம் போயிடும். ரெண்டு, தமிழ் அடிக்க இப்ப இருக்கிற உள்ளீட்டுச் செயலியை நீக்கணும். ரெண்டு செயலி ஒண்ணா ஓடினா அடிச்சுக்கும். மூணு, புதுசைப் போடணும். அதுல தமிழ், சீனம் ரெண்டுமே வரும். நாலு, அதோட அமைப்புகள்ல போய் ரெண்டு மொழியையும் சேர்க்கணும். ஒவ்வொண்ணுக்கும் கறுப்புத் திரைல அடிக்க வேண்டிய கட்டளையைத் தனியா கீழே கொடுத்திருக்கேன். சீன ஒலியை ஆங்கில எழுத்துல அடிச்சா கீழே ஒரு பட்டையில எழுத்துகள் வரிசையா வரும், வேணுங்கறதோட எண்ணை அழுத்து. அவ்வளவுதான்.

அப்படியும் வரலைன்னா கம்ப்யூட்டருக்கு வயசாச்சுன்னு அர்த்தம். அதோட மல்லுக்கட்டாதே, விட்டுடு.

மகன்

~

மார்ச் 24

அன்புள்ள மகனுக்கு,

என் கையெழுத்து ஞாபகம் இருக்கா? இதை ஈமெயில்ல இல்லாம, பேனாவால எழுதித் தபால்ல அனுப்பறேன். காரணம் நீ.

கட்டமெல்லாம் போச்சு, அது வரைக்கும் சரி. மருமகளோட கடைப் பக்கத்தைப் படிச்சேன். லென்ஸ் தேய்க்கற இயந்திரத்துக்குப் பக்கத்துல அவ நிக்கற படம் இருக்கு. கண்ணை எப்படிச் சோதிக்கறாங்கன்னு அவளே அதுல எழுதியிருக்கா, எவ்வளவு தெளிவா எழுதறா!

மத்ததெல்லாம் நாசம். நீ எழுதினதை எழுத்துக்கு எழுத்து அடிச்சேன். மூலைல குட்டியா ஒரு விசைப்பலகைப் படம் வந்து உக்காந்திருக்கு. அழுத்தினா சீனம்னு காட்டுது, தமிழ்னு காட்டுது. அடிச்சா ஆங்கிலம்தான் விழுது. சீனமும் இல்லை, இருந்த தமிழும் போச்சு. குச்சி ஐஸ் கேட்டவ கையில குச்சி மட்டும் நிக்குது.

ஆங்கிலத்துல எழுதி அனுப்பியிருக்கலாம்தான். என் பிள்ளையைத் திட்ட எனக்கு ஆங்கிலம் போதாது.

விடமாட்டேன். எங்க தப்புன்னு யோசிச்சு எழுது. ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறே, வேலைங்கறே. வேலை இருக்கட்டும், தூங்கறதையும் மறந்துடாதே.

அம்மா
நகல்: என் ஃபைலுக்கு (கார்பன் பேப்பர் இன்னும் கிடைக்குது)

~

ஏப்ரல் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. நாங்க நலம். உன் கையெழுத்து அப்படியே இருக்கு.

நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு. அந்தப் பெட்டிக்கு வயசாச்சும்மா. பழைய செயலியைத் திரும்பப் போட்டுத் தமிழை மட்டும் மீட்டுக்கோ, கட்டளை கீழே இருக்கு. சீனத்தை விட்டுடு. அடுத்த வருஷம் வரும்போது நானே புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்து எல்லாத்தையும் போட்டுத் தரேன்.

இங்க கேமரா பழுது. கொஞ்ச நாளைக்கு ஞாயிறு வீடியோ இருக்காது. அவ உன்னை விசாரிச்சதா சொல்லச் சொன்னா.

மகன்

~

மே 3

அன்புள்ள மகனுக்கு,

நான் ரொம்ப நலம். இது தமிழ்ல அடிச்ச கடிதம், கவனிச்சியா? பழைய செயலியால இல்லை, புதுசாலதான். சீனமும் வருது.

எப்படின்னு சொல்றேன், உக்காந்து படி. அந்தச் செயலியை உருவாக்கினவங்க உதவிப் பக்கம் ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க. அதை அச்செடுத்து இடது பக்கம் வச்சேன், உன் மார்ச் மாசக் கடிதத்தை வலது பக்கம் வச்சேன். அடி ஸ்கேலை வச்சு வரி வரியா ஒத்துப் பார்த்தேன். மூலத்தையும் நகலையும் ஒத்துப் பாக்கறதுதான் நான் சம்பளம் வாங்கின தொழில், மறந்துட்டியா?

உன் மூணாவது படிக்கும் நாலாவது படிக்கும் நடுவுல ஒரு படி இருக்கு. மத்த நிரல்கள் எல்லாம் இனி இந்தப் புதுச் செயலி சொல்றதைத்தான் கேக்கணும்னு ஒரு கோப்புல மூணு வரி எழுதி, கம்ப்யூட்டரை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வரணுமாம். அது இல்லைன்னா சும்மா மூலைல படம் மட்டும்தான் வருமாம். அதைத் தடித்த எழுத்துல போட்டு, சுத்திக் கோடும் கட்டியிருக்காங்க.

டைப் அடிக்கறப்ப வரி விட்டுப்போறது உண்டு. எனக்கே நடந்திருக்கு. ரெண்டு வரி ஒரே வார்த்தைல ஆரம்பிச்சா கண்ணு மேல இருந்து கீழே தாவிடும். இங்க தாவறதுக்கு ஒண்ணுமே இல்லை. நீ சம்பளம் வாங்கறதே கம்ப்யூட்டர் வேலைக்குத்தான், தெரியாதுன்னும் சொல்ல முடியாது. அதனால அது விட்டுப்போன வரி இல்லை, நீ விட்ட வரி.

ஏன்னு நான் கேக்கப் போறதில்லை. நீ சொல்ல மாட்டே. கம்ப்யூட்டருக்கு வயசாச்சுன்னு சொன்னியே, பாவம் அது, நல்லாத்தான் உழைக்குது. எனக்கும் வயசாச்சுன்னு நினைச்சு ஏமாந்துட்டே.

இன்னிக்குக் காலைல மருமகளுக்கு எழுதினேன். கடையோட இணையப் பக்கத்துல அவ ஈமெயில் முகவரி இருந்தது. விசையைப் பாக்காம அடிச்சுப் பழகினவளுக்கு, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, வர்ற எழுத்துல எது சரின்னு பார்த்துப் பொறுக்கறது பெரிய தண்டனை. ஒரு பக்கம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள காபி ஆறி ஆடை கட்டிடுச்சு. ஆனா என் வார்த்தையை நானே பொறுக்கினேன், அது போதும்.

அம்மா
நகல்: என் ஃபைலுக்கு

~

மே 3, மாலை

அம்மா,

என்ன எழுதினே? முழுசா எனக்கு அனுப்பு. அவ இன்னும் பதில் போடலையே? போட்டா எனக்கு முதல்ல சொல்லு, நீயா எதுவும் எழுதாதே. அவசரப்படாதேம்மா. சில விஷயத்தை நான் விளக்கணும்.

நகல் இருக்கும்ல, அதை அனுப்பு.

~

மே 20

மகனுக்கு,

ஒரு மாசம் ஆற அமர பதில் போடறவன் அன்னிக்கே பதில் போட்டியே, அப்பவே ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. நலமான்னுகூட நீ கேக்கலை. நான் நலமா இல்லை. கோபத்துல இருக்கேன்.

மருமகளோட பதில் வந்தது. அகராதியை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் படிச்சேன். தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாதுன்னு மறுபடியும் படிச்சேன். "நீ ஏன் ஒரு தடவைகூட வரலை"ன்னு நான் கேட்டதுக்கு அவ எழுதியிருக்கிற முதல் வரி இதுதான்:

"நீங்க கூப்பிடவே இல்லையே."

எத்தனை தடவை கூப்பிட்டேன்! உன் முகத்தைப் பார்த்து, வாய் வலிக்கக் கூப்பிட்டேன். அவளுக்கு விமானம்னா பயமே இல்லையாம். வரேன்னு அவதான் கேட்டிருக்கா. வீட்டுல இடமில்லை, அம்மாவுக்கு வெளியாள் வந்தா பிடிக்காதுன்னு நீ சொல்லியிருக்கே. வெளியாளா? உங்க கல்யாணத்துக்கு நான் வராததுக்குக் காரணம், எனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலைன்னு அவ நினைச்சிருக்கா. என்கிட்ட நீ என்ன சொன்னே? பெரியவங்க யாரும் வர வேண்டாம்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டாங்க, சும்மா ரெஜிஸ்டர் ஆபீஸ் கையெழுத்துதான்னு சொன்னே. எடுத்து வச்ச புடவையை மடிச்சு உள்ளே வச்சேன்.

அதையெல்லாம்கூட முழுங்கிடுவேன். அந்தக் கடையை எப்படிடா முழுங்குவேன்? அவ சொந்தமா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைக்க ஆசைப்பட்டிருக்கா, இடம்கூடப் பார்த்திருக்கா. "குடும்பத்துப் பொண்ணு கடை போட்டு உக்காந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு நீங்க கேட்டீங்களாம். உங்க மேல மரியாதை வச்சு விட்டுட்டேன்"னு எழுதியிருக்கா. ஆபீஸ்ல ஆம்பளைங்களுக்கு நடுவுல உக்காந்து டைப் அடிச்சு உன்னை ஆளாக்கினேன், அந்த நாலு பேர் பேச்சைக் கேட்டிருந்தா உனக்குச் சோறு ஏது? அந்த வார்த்தையைப் போய் என் வாயில வச்சியே.

எனக்கு அவ பயந்தாங்கொள்ளி, அவளுக்கு நான் பேய். நடுவுல நீ மட்டும் நல்ல பிள்ளை.

அவளுக்கு அன்னிக்கே பதில் எழுதிட்டேன். இதுல எதையும் நான் சொல்லலைன்னு எழுதினேன். கடையைப் போடுன்னு எழுதினேன். வான்னு எழுதினேன். அகராதி இல்லாம எனக்கு வர்ற சீனம் அவ்வளவுதான், அதுக்கு மேல தேவையும் படலை.

அம்மா
நகல்: என் ஃபைலுக்கு

~

ஜூன் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எப்படி இருக்கே? முழங்கால்? நான் ஏதோ இருக்கேன். அவ என்கிட்ட சரியா பேசறதில்லை. கேமராவுக்கு ஒண்ணும் இல்லை, அதுவும் உனக்கு இப்ப தெரிஞ்சிருக்கும்.

நான் பொய் சொல்லணும்னு சொல்லலைம்மா. சுருக்கினேன். நீங்க ரெண்டு பேரும் நீளமா பேசுவீங்க, நடுவுல இருக்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கல்யாணத்தப்ப ரெண்டு குடும்பத்தையும் ஒரே இடத்துல உக்கார வச்சுச் சமாளிக்க எனக்குத் தெம்பு இல்லை. கடைன்னு அவ சொன்னப்ப பயந்துட்டேன். என் வேலையே நிலையில்லை, ரெண்டு பேரும் சறுக்கினா என்ன பண்றது? எனக்குப் பயம்னு பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது? உன் பேரைச் சொன்னேன். நீ தூரத்துல இருந்தே. உனக்கு வலிக்காதுன்னு நினைச்சேன்.

இப்ப அவளைக் கூப்பிடாதே. கொஞ்சம் ஆறட்டும். நானே பொறுமையா ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொல்றேன். எனக்காக இதை மட்டும் செய்.

மகன்

~

ஜூன் 15

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். முழங்காலும் நலம்.

வலிச்சுதுடா. தூரம் வலியைத் தடுக்காது, வலிக்கறது உனக்குத் தெரியாம மறைக்கும், அவ்வளவுதான்.

ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொல்றேங்கறே. வேண்டாம். நீ எடுத்துச் சொன்ன வரைக்கும் போதும். அவளைக் கூப்பிடாதேங்கறே. கூப்பிட்டாச்சு, அவ பயணச்சீட்டும் எடுத்தாச்சு, அடுத்த மாசம் வரா. உன்கிட்ட இன்னும் சொல்லலைன்னா இன்னிக்குச் சாயங்காலம் சொல்லுவா. உன் பழைய அறையைக் காலி பண்ணிட்டேன். உன் புத்தகமெல்லாம் பெட்டில போட்டுப் பரண்ல ஏத்தியாச்சு. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கேன், அவளுக்கு வெளிச்சம் பிடிக்குமாம். இது நீ சொல்லித் தெரிஞ்சதில்லை.

ஒரு மாசம் இருப்பா. போனதும் கடைக்கு இடம் பாக்கப் போறா. உனக்குப் பயம்னா அதை அவகிட்ட நேரா சொல்லு. பயம்னு சொன்னா மதிப்பு போகாது. ஒரு மனுஷன் பயப்படறது அவளுக்குப் புரியும். மாமியார் பேரைச் சொல்லிப் பயப்படறதுதான் அவளுக்குப் புரியலை. வேலை போனா என்ன பண்றதுன்னு கேக்கறியே, கடை நடத்தத் தெரிஞ்ச பொண்டாட்டி இருக்கா. அதைவிட என்ன வேணும்?

நீயும் வரலாம். உன் வீடுதான், பிடிச்சுத் தள்ள மாட்டேன். ஹால்ல பாய் போட்டுத் தரேன். நாங்க ரெண்டு பேரும் மேஜைல உக்காந்து பேசுவோம். எனக்கு வாயில சீனம் தத்தித்தத்தித்தான் வருது, தடுமாறினா கம்ப்யூட்டர்ல அடிச்சுக் காட்டிக்குவேன். அவளுக்கும் அதுல தமிழ் அடிக்கக் கத்துக் கொடுக்கப் போறேன். நீ நடுவுல உக்காராதே. ஓரமா உக்காந்து சாப்பிடு, சாப்பிட்ட தட்டைக் கழுவு. யாராவது உன்னைக் கேட்டா உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. "அம்மா வேண்டாம்னு சொன்னா"ங்கற வார்த்தை இனி உன் வாயில வரக்கூடாது. வந்தா எனக்குத் தெரிஞ்சுடும்.

உன் மேல பாசம் குறையலை. அது குறைஞ்சிருந்தா இவ்வளவு நீளமா உன்னைத் திட்டிக்கிட்டு இருக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
நகல் 1: என் ஃபைலுக்கு
நகல் 2: மருமகளுக்கு, சீனத்தில். ஒரு வரிகூட விடாமல்.